நாமா, நாங்களா

பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில் அவளுக்கு வைத்த பெயர் மறுஒலிபரப்பு. வைத்தவர், வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம்கீப்பர். ஒரு வண்டியைப் பற்றி ஊருக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டு, பிறகு மனதுக்குள் அதையே இருபது தடவை ஓட்டிப் பார்க்கிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்பது அவருடைய வாதம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா, அல்லது எப்போதோ அவருடைய டீயைத் தெரியாமல் எடுத்துக் குடித்ததை மனதில் வைத்துக்கொண்டு சொன்னாரா என்று அன்று முழுக்க யோசித்தாள். அதைப் பார்த்த பிறகு பெயர் நிலைத்துவிட்டது.

அறை சின்னது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் வரிசையாக மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். மேசைமேல் பஞ்சுத் தொப்பி போட்ட மைக். அதன் அடியில் சிவப்புப் பொத்தான். அழுத்திப் பிடித்திருக்கும்வரை குரல் வெளியே போகும், விரலை எடுத்தால் நின்றுவிடும். கண்ணாடியின் ஒரு மூலையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. வழி கேட்பவர்கள் அதில் வாயை வைத்துத்தான் கேட்பார்கள். டைம்கீப்பரின் அறை வெளியே, வண்டிகள் உள்ளே நுழைகிற இடத்தில் இருந்தது. ஆனால் அவர் பாதி நேரம் இவள் அறையில்தான் இருப்பார். இங்கே ஃபேன் ஓடும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நிலையத்திலேயே நிதானமான குரல் அவளுடையதுதான். வண்டி தாமதம், வண்டி ரத்து, நடைமேடை மாற்றம், எதைச் சொன்னாலும் தூங்கும் குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரிதான் சொல்வாள். திட்டிக்கொண்டே எழுந்த கூட்டம் அவள் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி உட்கார்ந்துவிடும். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மனம் மாவு மில் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

அவள் அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா, மாமா, இவள் என்று மூன்றே பேர். படிப்பு முடித்து இந்த வேலை கிடைத்தபோது, "எங்கேயோ ஹாஸ்டல்ல எதுக்கு, வா" என்று அக்காதான் கூட்டிக்கொண்டு வந்தாள். இஸ்திரி மேசையும் பெட்டிகளும் கிடந்த பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். இப்போது மாமா வேலை பார்க்கும் அச்சகம் ஊரின் அந்தக் கோடிக்கு இடம் மாறிவிட்டது. அதனால் வீடும் மாற்ற வேண்டும் என்ற பேச்சு கொஞ்ச நாளாக அடிபட்டுக்கொண்டிருந்தது.

அன்று காலை அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "வீடு முடிவாயிடும் போல இருக்குடி. அடுத்த மாசம் நாங்க போயிடுவோம்."

"சரிக்கா," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மாடிப்படியின் கடைசிப் படியில்தான் அந்தச் சொல் வந்து இடித்தது.

நாங்க.

நாம என்று சொல்லவில்லை. நாங்க என்று சொன்னாள்.

இரண்டும் ஒன்றுதானே என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாம என்றால் கேட்கிறவரும் உள்ளே. நாங்க என்றால் கேட்கிறவர் வெளியே. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பால் பல் விழாத குழந்தைகூடத் தப்பில்லாமல் பேசும். அக்கா நேருக்கு நேராக அவளிடம்தான் பேசினாள். கேட்கிறவள் அவள்தான். அப்படியென்றால் வெளியே நிற்பதும் அவள்தான். அந்த வாக்கியத்தில் அவளுக்கு இடம் இல்லாமல் போனது அந்த ஒரு சொல்லில்.

பேருந்தில் உட்கார்ந்ததும் மனம் வேலையை ஆரம்பித்தது. சாம்பார் கொஞ்சம் உப்பு என்று போன வாரம் சொன்னோமே, அதுவா. குளியலறை விளக்கை அணைக்க மறந்த அன்று மாமா ஒன்றுமே சொல்லவில்லையே, ஒன்றும் சொல்லாததுதான் சொன்னதா. இல்லை, அக்காவுக்கு வாய் குழறியிருக்கும். தலை வாரும்போது வாயில் ஹேர்பின் இருந்தது. ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு "நாம" சொல்வது கஷ்டமா, "நாங்க" சொல்வது கஷ்டமா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன்னை ஒரு மாதிரி பார்ப்பதைக் கண்ட பிறகுதான், உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது.

அறைக்கு வந்ததும் டைம்கீப்பர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன மேடம், இன்னிக்கு எந்த நிகழ்ச்சி மறுஒலிபரப்பு?"

அவள் சொன்னாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள், ஆனால் சொல்லிவிட்டாள்.

"இவ்வளவுதானா? வாய் தவறி வந்திருக்கும்."

"நீங்க எப்பவாவது 'நாம'ன்னு சொல்ல வேண்டிய இடத்துல வாய் தவறி 'நாங்க'ன்னு சொல்லியிருக்கீங்களா, சார்?"

எதைப் பற்றியும் ஒரு நிமிடத்துக்கு மேல் யோசிக்காத மனிதர் அவர். அப்படிப்பட்டவரே கையில் இருந்த டீயை ஆறவிட்டார். "எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா யாராவது ஒருத்தர் தவறியிருப்பாங்க. ஊர்ல இத்தனை பேர் பேசறாங்க."

"அப்ப கேட்டுப் பார்ப்போம்," என்றாள் அவள்.

இதுதான் அவளிடம் இருந்த விசேஷம். பயம் வந்தால் மூலையில் சுருண்டு உட்காருகிற ரகம் இல்லை. பயத்தையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வா, நீ சொல்வது உண்மையா என்று பார்க்கலாம் என்பாள். அன்று முழுக்க அறிவிப்பும் செய்தாள், காதையும் தீட்டி வைத்துக்கொண்டாள். ஒரு வண்டியையும் தப்பாகச் சொல்லவில்லை.

திறப்பில் ஒரு பெண்மணி வாயை வைத்தார். "நாங்க நாலு பேர் வந்தோம்மா. எங்க வீட்டுக்காரரை மட்டும் காணோம். மைக்ல கூப்பிடுங்க. ஆனா தொலைஞ்சு போயிட்டார்னு சொல்லாதீங்க, கோவிச்சுப்பார்." நாங்க. சரியான இடம்.

ஒரு தம்பதி கண்ணாடிக்கு முன்னால் நின்று சண்டை போட்டார்கள். "நாம அப்பவே கிளம்பணும்னு சொன்னேன்ல?" "நாமன்னு சொல்லாதீங்க. செருப்பைத் தேடினது நீங்க." சண்டையிலும் அந்த மனிதர் நாம என்றுதான் சொன்னார். பழியில்கூடப் பங்கு கொடுத்தார்.

பெஞ்சில் ஒரு சிறுமி, தன்னைவிடச் சின்னவனைப் பார்த்து விரலை ஆட்டினாள். "நாங்க முன்னாடி சீட்ல உக்காருவோம். நீ வேணாம்." சின்னவனுக்கு அந்தச் சொல் சரியாகப் புரிந்தது. உதடு பிதுங்கியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அவளுக்கும் பிதுங்கியிருக்கும், அதற்குள் ஒரு வண்டி வந்துவிட்டது.

மதியத்துக்குள் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தப்பு நடக்காமல் இல்லை, நடக்கிறது. ஆனால் ஒரு பக்கமாக மட்டும் நடக்கிறது. டிரைவர் முன்பின் தெரியாத பயணிகளிடம் "நம்ம வண்டி இப்ப கிளம்பிடும், ஏறுங்க" என்கிறார். வண்டி அவர்களுடையதா என்ன. டீக்கடைக்காரர் "நம்ம கடை டீயைக் குடிச்சுப் பாருங்க" என்கிறார். கடையில் நமக்கு என்ன பங்கு. வெளியே இருக்கிற ஆளைத் தவறி உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள், ஒரு மரியாதைக்கு. உள்ளே இருக்கிற ஆளைத் தவறி வெளியே தள்ளியவர் அன்று முழுக்க ஒருவரும் இல்லை.

"சார், வாய் தவறல," என்றாள். "அந்தப் பக்கமா யாருக்குமே வாய் தவறறதில்ல."

டைம்கீப்பர் தலையைச் சொறிந்தார். "இவ்வளவு மூளையை வெச்சுக்கிட்டு நீங்க எப்படி மேடம் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வேலைக்கு வர்றீங்க? எனக்கு இதுல கால்வாசி இருந்தா நான் பஸ் சக்கரத்துல தலையை வெச்சிருப்பேன்." சொல்லிவிட்டு, கேலி ஒரு சுற்று அதிகமாகப் போய்விட்டது என்று அவருக்கே தோன்றியது. "தப்பா எடுத்துக்காதீங்க. நிஜமாவே கேக்கறேன்."

அவள் மைக் பக்கம் திரும்பினாள். பொத்தானைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, தன் அறிவிப்புக் குரலில் மெல்லச் சொன்னாள்: "பயணிகளின் கவனத்திற்கு. அக்காவின் வாயிலிருந்து இன்று காலை புறப்பட்ட 'நாங்க' என்னும் சொல், அடுத்த மாதம்..." அங்கே நின்றாள்.

டைம்கீப்பர் பொத்தானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யாருக்கு இந்த அறிவிப்பு?"

"யாருக்கும் இல்ல சார். எனக்குத்தான்."

அது அவளே கண்டுபிடித்த வழி. டாக்டர் ஒருவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார். இவள் அதைச் செய்தாள், செய்துகொண்டே மூச்சைச் சரியாகத்தான் விடுகிறோமா என்று கவலைப்பட்டாள். தியானம் செய்து பார்த்தாள். கண்ணை மூடியதும் அத்தனை கவலைகளும் இடம் பிடிக்க ஓடி வந்தன. பிறகு ஒரு நாள், வண்டிகள் இல்லாத நேரத்தில், ஒரு கவலையை அறிவிப்பாகச் சொல்லிப் பார்த்தாள். மனதுக்குள் சுற்றுகிற கவலைக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. அறிவிப்புக்கு அப்படி முடியாது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எப்போது, எந்த நடைமேடை என்று சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கவலைகள் இரண்டாவது கேள்வியிலேயே விழிக்கும். எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது. அப்படிப்பட்டதை அவள் ஷெட்டுக்கு அனுப்பிவிடுவாள். சில, பின்வாசல் வழியாகத் திரும்பி வரும். மறுபடி அனுப்புவாள். இதில் வெற்றி என்று ஒன்றும் இல்லை. ஆனால் இப்படித்தான் அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். யாரும் கைதட்டாத வீரம் அது.

இதையெல்லாம் அவள் சுருக்கமாகச் சொன்னாள். டைம்கீப்பர் சிரிக்கவில்லை.

"சரி, இந்த 'நாங்க' ஏன் பாதியில நின்னுடுச்சு?"

"எங்கிருந்து வருதுன்னு தெரியுது. எப்பன்னு தெரியுது. எங்க போகுதுன்னு தெரியல. நான் அதுல ஏறணுமா, நடைமேடையில நிக்கணுமான்னு தெரியல."

"நிஜ வண்டியா இருந்தா என்ன பண்ணுவீங்க? விவரம் தெரியாம அறிவிப்பீங்களா?"

"அது எப்படி? இன்டர்காம்ல உங்களைக் கூப்பிட்டுக் கேப்பேன்."

"நான் எரிஞ்சு விழுவேன்."

"விழுவீங்க. விழுந்துட்டுச் சொல்லுவீங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. டைம்கீப்பர் வெளியே ஒரு வண்டி வருவதைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் செய்த பெரிய உதவி.

கேட்பது என்று முடிவு செய்துவிட்டால் கேட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள், இந்த மாதிரி மனதோடு ஒரு நாள்கூட வாழாதவர்கள். வீடு திரும்பும் வழியில் அவள் அந்தக் கேள்வியைக் கோபமாக ஒரு தடவை, சிரிப்பாக ஒரு தடவை, வேறு யாருக்கோ நடந்த மாதிரி ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அக்கா என்ன சொல்வாள் என்று அக்காவாகவும் பேசினாள். அந்த அக்காக்களில் ஒருத்தி அழுதாள், ஒருத்தி "ஆமா, போ" என்றாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள். திரும்பி நடந்து வரும்போது கால் வீட்டுப் பக்கம் போகாமல் கடைப் பக்கம் இழுத்தது. கொத்தமல்லி வாங்கினால் கொஞ்ச நேரம் கிடைக்கும். வாங்கவில்லை. நேராக வந்தாள்.

கூடத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மேசை ஃபேனை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டிருந்தார்.

"வாம்மா. மூளைக்காரி வந்துட்டா. இந்தத் திருகாணி எங்கிருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லு, மீதியை நான் பார்த்துக்கறேன்."

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அக்கா, காலைல நீ 'நாங்க'ன்னு சொன்ன. 'நாம'ன்னு சொல்லல."

இவ்வளவு தயார் செய்ததில் ஒன்றும் வரவில்லை. இதுதான் வந்தது.

அக்காவின் கை நின்றது. மாமா திருகாணியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு திருகாணியில் பார்ப்பதற்கு அவ்வளவு இருக்காது.

"தவறிச் சொல்லல," என்றாள் அக்கா.

"தெரியும்."

"ஒரு மாசமா சொல்லணும்னு பாக்கறேன், வாய் வரல. காலைல அந்த ஒரு வார்த்தையை மட்டும் தள்ளி விட்டேன். மத்ததை நீயே புரிஞ்சுப்பேன்னு நெனச்சேன்."

"நான் பாரமா இருக்கேனாக்கா?"

"அடி போடி." அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "பாரமா? குளிக்கப் போறதுக்குக்கூட 'நான் போகட்டுமா'ன்னு கேக்கறவ பாரமா? தட்டைக் கழுவி வெச்சுட்டு நான் பார்த்தேனான்னு பாக்கற. இவர் ஒரு தும்மல் தும்மினா உன் அறை ஃபேனை நிறுத்தற. இந்த வீட்ல இருக்கறதே உனக்கு தினமும் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. எங்களாலதானே இப்படி, நாங்க நகர்ந்துட்டா நீ நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல உனக்கு ஒரு அறைகூடப் பார்த்து வெச்சேன்."

"அவ பார்க்கல. நான் பார்த்தேன்," என்றார் மாமா. "நல்ல அறை. தண்ணி நிக்காம வரும்."

"நீங்க சும்மா இருங்க."

காலையிலிருந்து அவள் மனம் எத்தனையோ காரணங்களைச் செய்து அடுக்கியிருந்தது. உப்பு, விளக்கு, ஹேர்பின். இந்தக் காரணத்தை மட்டும் அது செய்யவில்லை. தன்னை வெளியே தள்ளிய சொல்லுக்குள், தன் நிம்மதிக்காக ஒருத்தி ஒரு மாதம் முழுங்கி முழுங்கித் தவித்தது இருக்கும் என்று, இத்தனை கெட்டிக்கார மனதுக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா," என்றாள் மெல்ல. "உங்க கூட இருக்கறதால நான் யோசிக்கல. எங்க வெச்சாலும் யோசிப்பேன். அது என் கூடவே வரும், பெட்டி மாதிரி. தனியா இருந்தா அதோட நான் மட்டும் இருப்பேன். இன்னிக்கு ஒரு வார்த்தைக்கு ஒரு நாள் முழுக்கப் போச்சு. ஆனா சாயங்காலம் உன்னை வந்து கேட்டேன்ல? அந்த அறையில நான் யாரைக் கேக்கறது?"

அக்கா மடித்த சட்டையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நான் உன்னைக் கேக்காமலேயே முடிவு பண்ணிட்டேன்," என்றாள். "உன்னை மாதிரி ஒரு நாள் யோசிச்சா நான் படுத்துடுவேன். நீ யோசிச்சுக்கிட்டே போயிட்டு வந்து, நேரா நின்னு கேக்கறே. எனக்கு ஒரு மாசமா அந்தத் தைரியம் வரல." மூக்கை உறிஞ்சினாள். "சரி, இப்பக் கேக்கறேன். வர்றியா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

மாமா கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டார். "போச்சு. வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு வருஷம் கழிச்சு வர்றோம்னு சொல்லிடவா?"

முதலில் சிரித்தது அக்கா. பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். ஃபேன் அன்று மாட்டி முடியவில்லை.

ஆனால் அவள் நிஜமாகவே யோசித்தாள். வருகிறேன் என்று உடனே சொல்லியிருந்தால் அது அக்காவின் கண்ணீருக்குச் சொன்ன பதிலாக இருந்திருக்கும். புது வீட்டிலிருந்து நிலையத்துக்கு இரண்டு வண்டி மாற வேண்டும், முதல் வண்டியைத் தவறவிட்டால் என்ன ஆகும், மழையில் என்ன ஆகும். எல்லாவற்றையும் பார்த்தாள். மறுநாள் காலை, அதே கண்ணாடி முன்னால் அக்கா தலை வாரும்போது, "வர்றேன்," என்றாள். அந்த வீட்டில் அவ்வளவு சீக்கிரம் அவள் எதையும் முடிவு செய்ததில்லை.

விடுமுறை நாளில் மூன்று பேரும் வீடு பார்க்கப் போனார்கள். வீட்டுக்கார அம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டார். சுண்ணாம்பு அடித்த வாசனை. காலி அறைகளில் மாமாவின் குரல் பெரிதாகக் கேட்டது. "இது கூடம். இது சமையல். தெருப் பக்கம் இருக்கற பெரிய அறை எங்களுக்கு, காத்து நல்லா வரும். பின்னாடி சின்னது இவளுக்கு."

அவள் பெரிய அறையின் வாசலில் நின்றாள். தெருவில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். பின்னறையில் இந்தச் சத்தம் எதுவும் வராது. சத்தம் இல்லாத இடத்தில் அவள் மனம் எவ்வளவு உரக்கப் பேசும் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா, எனக்கு இந்த அறை வேணும்."

மாமா திரும்பினார். அக்காவும் திரும்பினாள். சாதத்துக்கு இன்னொரு கரண்டி குழம்பு வேண்டும் என்றுகூட வாய் திறந்து கேட்காத பெண்.

"அது இல்லம்மா, எங்க கட்டில் அந்தச் சின்ன அறைக் கதவுல நுழையாதே."

"கழட்டி மாட்டுங்க," என்றாள் அக்கா. "ஃபேனைக் கழட்டற ஆள்தானே."

"ஃபேனை இன்னும் மாட்டலையே," என்று முனகிக்கொண்டே மாமா பின்னறையை அளக்கப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் மனம் ஆரம்பித்துவிட்டது. காற்று வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரே. அக்கா மனதுக்குள் என்ன நினைத்திருப்பாள். இப்போதே கூப்பிட்டு, சும்மா சொன்னேன் மாமா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் அறைக்குள் போனாள். சன்னல் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள், அது இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள்.

"அக்கா, இதுக்கு எண்ணெய் விடணும்," என்றாள்.